பாட்டியை உட்கார வைக்காதீர்கள்

நாப்ஃபா உடல்திறன் சோதனை நெருங்கும்போது பள்ளியில் ஒரு தனி வகைக் காய்ச்சல் பரவும். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முந்திய நாள் மட்டும் எத்தனை பேருக்குக் கணுக்கால் பிடித்துக்கொள்கிறது என்று உடற்கல்வி ஆசிரியர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். நான் அறிவியல் ஆசிரியர். அந்தப் பஞ்சாயத்து என்னிடம் வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒன்று தோன்றும். மூன்று மாடியை மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய 15 வயதில் உங்கள் கால் பலத்தை அளந்து, புள்ளி போட்டு, பதக்கமும் தருகிறோம். கால் பலம் உண்மையிலேயே வாழ்க்கைப் பிரச்சினையாகிவிடுகிற 75 வயதில் அதை யாரும் அளப்பதில்லை. வீட்டில் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "முட்டி வலி எப்படி இருக்கு பாட்டி?"

அந்தக் கேள்வி போதாது என்பது என் கருத்து. "வலிக்குதுப்பா" என்று பதில் வந்தவுடன் நாம் செய்வது அதைவிடவும் மோசம். "நீங்க உட்காருங்க பாட்டி, நான் எடுத்துட்டு வர்றேன்" என்கிறோம். தண்ணீர், கண்ணாடி, மருந்து, தொலைக்காட்சி ரிமோட் எல்லாம் அவர் கைக்கு வந்துவிடுகின்றன. நல்ல பிள்ளை என்ற பெயரும் உங்களுக்குக் கிடைக்கிறது. அன்று பாட்டியின் தொடைத் தசைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை பறிபோனதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

முழங்கால் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஆய்வாளர்கள் ஓர் அருமையான வேலை செய்தார்கள். செயற்கை மூட்டு பொருத்தப்பட வேண்டிய சில நோயாளிகளுக்கு, உள்ளே உணர்கருவிகள் வைத்த மூட்டைப் பொருத்தினார்கள். அவர்கள் நடக்கும்போதும் படி ஏறும்போதும் மூட்டுக்குள் எவ்வளவு விசை விழுகிறது என்பதை அந்த மூட்டே வானொலி அலை வழியே வெளியே சொன்னது. 2010-இல் ஐந்து பேரிடம் எடுத்த அளவுகள் வெளியாயின. சமதளத்தில் நடக்கும்போது சராசரியாக உடல் எடையைப் போல 2.6 மடங்கு. நாற்காலியிலிருந்து எழும்போது ஏறத்தாழ 2.5 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது கிட்டத்தட்ட 3.5 மடங்கு.

ஏறுவதைவிட இறங்குவதில் விசை அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? "ஏறிடுவேன், இறங்கத்தான் பயமா இருக்கு" என்று முதியவர்கள் சொல்வது வெறும் பயமல்ல. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் எடை ஏறத்தாழ 588 நியூட்டன். அதை 3.46-ஆல் பெருக்கினால் 2,000 நியூட்டனுக்குச் சற்று மேலே வரும். ஒவ்வொரு படிக்கும், ஒரு முழங்காலுக்கு, இவ்வளவு.

இத்தனை விசை எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பகுதி தசையிலிருந்தே. தொடையின் முன்பக்கத்தில் குவாட்ரிசெப்ஸ் என்ற நான்கு தசைகளின் கூட்டம் இருக்கிறது. அது முழங்கால் சில்லின் மீது ஓடிக் கீழ்க்கால் எலும்பைப் பிடித்து இழுக்கிறது. சில்லு கிட்டத்தட்ட ஒரு கப்பிபோல வேலை செய்கிறது. நெம்புகோல் பாடம் நினைவிருந்தால், தசை பிடிக்கும் இடம் ஆதாரப் புள்ளிக்கு மிக அருகில் இருப்பதும், அதனால் தசை பெரும் விசையைச் செலுத்த வேண்டியிருப்பதும் புரியும். எழும்போது அந்தத் தசை நம்மைத் தூக்குகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பிடித்து நிறுத்தும் பிரேக் ஆகிறது. பிரேக் தளர்ந்த கால் படியில் "தொப்" என்று விழும். பாட்டி இறங்கும் சத்தத்தை ஒருநாள் காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் போடலாம். 60 கிலோ எடையுள்ளவர் நாற்காலியிலிருந்து எழும்போது அவருடைய உடலின் ஈர்ப்பு மையம் சுமார் 35 சென்டிமீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்த வேலை ஏறத்தாழ 206 ஜூல். அதை ஒரு விநாடியில் செய்தால் 206 வாட் திறன். இரண்டு விநாடி எடுத்தால் 103 வாட். வேலை ஒன்றுதான், திறன் பாதி. மூப்பில் முதலில் கைவிட்டுப் போவது இந்தத் திறன்தான். வேகமாகச் சுருங்கும் தசை நார்கள் மெதுவானவற்றைவிட முன்னதாக மெலிகின்றன. தடுக்கி விழப்போகும் கணத்தில் காலை எட்டி வைத்து உடலைத் தாங்க வேண்டியவை அதே வேகமான நார்கள் என்பது இதில் வருத்தமான பகுதி.

இப்போது வலிக்கு வருவோம். தமிழில் இந்த நோயை "மூட்டுத் தேய்மானம்" என்கிறோம். எனக்கு இந்தச் சொல்லின் மீது நீண்ட நாளாகவே கோபம். தேய்மானம் என்றதும் நம் மனத்தில் வருவது காலணியின் அடிப்பகுதி, பேருந்தின் டயர். பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும், ஆகவே பயன்படுத்தாமல் வைத்தால் மிஞ்சும் என்ற எண்ணம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூட்டு டயர் அல்ல, உயிருள்ள திசு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதன் செல்களுக்கு உணவு, சுற்றியுள்ள மூட்டுத் திரவத்திலிருந்து பரவல் மூலமாகத்தான் போகிறது. உயர்நிலை ஒன்றில் படித்த அதே பரவல். காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல் அது திரவத்தைப் பரிமாறிக்கொள்கிறது. அசையாத மூட்டில் இந்தப் பரிமாற்றம் மந்தமாகிவிடும்.

குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை. அப்படியானால் வலிப்பது எது? அடியில் உள்ள எலும்பு, மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வு, சுற்றியுள்ள தசைநாண்கள், கொழுப்புத் திசு ஆகியவற்றிலிருந்து வலி வரலாம். அதனால்தான் எக்ஸ்ரே படத்தில் மூட்டு மோசமாகத் தெரியும் ஒருவர் சந்தையைச் சுற்றி வருகிறார். படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாத இன்னொருவர் இரவெல்லாம் தூங்காமல் இருக்கிறார். இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். படம் எலும்பைக் காட்டும். வலியையும் பலத்தையும் அது காட்டாது.

வலிக்கும் பலத்துக்கும் இடையில் ஒரு விசித்திரமான தொடர்பு உண்டு. முழங்கால் வீங்கினால், முதுகுத்தண்டு வழியாகச் செல்லும் ஓர் அனிச்சைச் செயல் குவாட்ரிசெப்ஸ் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. ஆரோக்கியமானவர்களின் முழங்காலுக்குள் சுத்தமான உப்புநீரைச் செலுத்தி இதைச் சோதித்திருக்கிறார்கள். சிறிதளவு நீர் சேர்ந்ததுமே, வலி இல்லாதபோதும், தொடைத் தசையின் செயல்பாடு குறைந்தது. ஆக, மூட்டு வீங்கிய பாட்டி "காலுக்கு பலமே இல்லப்பா" என்று சொன்னால் அவர் சோம்பேறித்தனத்தை மறைக்கவில்லை. நரம்பு மண்டலமே தசையைத் தளர்த்திவிட்டிருக்கிறது. தளர்ந்ததால் நடை குறைகிறது, நடை குறைந்ததால் தசை மெலிகிறது, மெலிந்த தசையோடு நடந்தால் மூட்டு இன்னும் தடுமாறுகிறது. எது முதல், எது பின் என்று பிரித்துச் சொல்வதும் எளிதல்ல. 1997-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் முதியவர்களை ஆராய்ந்தபோது, எக்ஸ்ரேயில் மூட்டு நோய் தெரிந்தும் வலியே இல்லாதவர்களிடம்கூடத் தொடைத் தசை பலவீனமாக இருந்தது தெரியவந்தது. வலியால் நடக்காமல் இருந்துதான் பலவீனம் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இந்த வட்டத்துக்குள் "நீங்க உட்காருங்க பாட்டி" என்பதைப் போட்டுப் பாருங்கள். ஓய்வின் விலை என்ன என்பதற்கு 2007-இல் வெளியான ஒரு சோதனை எனக்கு மறப்பதில்லை. சராசரியாக 67 வயதான, ஆரோக்கியமான ஒரு டஜன் பேரளவிலான குழுவைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். நோய் எதுவும் இல்லை, சாப்பாடும் சரியாகக் கொடுக்கப்பட்டது. பத்து நாள் முடிவில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. நீங்கள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அடுத்த மாதம் ஈடுகட்டிவிடுவீர்கள். அவர்களுக்கு அது எளிதல்ல.

சரி, போன தசை திரும்புமா? நான் வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலும் "வயசாயிடுச்சு சார், இனிமே எப்படி" என்ற பதில்தான் வரும். மருத்துவர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், முதியோர் இல்லம் ஒன்றில் வசித்த 86 முதல் 96 வயது வரையிலான பத்து பேரை எடைப்பயிற்சிக்கு அழைத்தார்கள். விளையாட்டு வீரர்கள் அல்ல, நலிந்தவர்கள். மூட்டு நோய், இதய நோய், எலும்பு நோய் எல்லாம் அவர்களிடையே இருந்தன. எட்டு வாரம், மேற்பார்வையோடு, தொடைத் தசைக்குக் கனமான எடை. பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள்.

ஒரு நிமிடம் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். தசை 9 விழுக்காடுதான் பெருத்தது. பலம் எப்படி 174 விழுக்காடு கூடும்? தசையின் அளவு மட்டும் பலத்தைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை தசை நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைப்பது என்பதை நரம்பு மண்டலம் மறுபடியும் கற்றுக்கொண்டது. பாட்டியின் கால் "போய்விட்டது" என்று நாம் நினைக்கும்போது, அதில் ஒரு பகுதி போகவில்லை, தூங்கிக்கொண்டிருக்கிறது.

பத்துப் பேர் போதுமா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் சரியாகக் கற்பிக்கவில்லை. அதே குழுவினர் 1994-இல் 100 பேரை வைத்து, சராசரி வயது 87, முறையாகக் குழு பிரித்துச் சோதித்தார்கள். சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு ஊட்டச்சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் கால் பலம் சராசரியாக 113 விழுக்காடு கூடியது. செய்யாதவர்களுக்கு 3 விழுக்காடு. நடை வேகமும் படி ஏறும் திறனும் பயிற்சி செய்தவர்களுக்கே கூடின. ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தாத்தா பாட்டிக்கு என்று விலை உயர்ந்த மாவு டப்பாவை வாங்கி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் பெரியவர்களிடம் இதை நீங்கள் பணிவாகச் சொல்லலாம். புரதம் தேவைதான். ஆனால் வேலை இல்லாத தசை அதைக் கட்டடமாக்குவதில்லை.

இதுவரை படித்துவிட்டு, பயிற்சி செய்தால் முட்டி வலி பறந்துவிடும் என்று பாட்டியிடம் வாக்குக் கொடுக்க ஓடாதீர்கள். அறிவியலில் நமக்குப் பிடித்த முடிவு மட்டும் வருவதில்லை. 2021-இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. முழங்கால் மூட்டு நோய் உள்ள, 50 வயதைத் தாண்டிய 377 பேர். ஒரு குழுவுக்குக் கடினமான எடைப்பயிற்சி, இன்னொன்றுக்கு இலேசான எடைப்பயிற்சி, மூன்றாவதற்கு உடல்நலப் பயிலரங்குகள் மட்டும். 18 மாதம் கழித்து வலியை ஒப்பிட்டால், கடினமாகப் பயிற்சி செய்தவர்கள் மற்ற குழுக்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் முன்னேறியிருக்கவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் மதிப்பீடுகளும், உடற்பயிற்சி வலியைக் குறைக்கிறது, ஆனால் சராசரியில் கொஞ்சம்தான் என்கின்றன.

இதைக் காட்டி "பார்த்தீர்களா, பயிற்சியெல்லாம் வீண்" என்பார்கள் சிலர். நான் அப்படி வாசிக்கவில்லை. வலியும் செயல்திறனும் ஒரே அளவுகோலில் இல்லை என்றே வாசிக்கிறேன். ஒருவருக்கு வலி அப்படியே இருக்க, கழிப்பறையிலிருந்து கைபிடிக்காமல் எழும் பலம் வந்திருக்கலாம். அது சின்ன விஷயமா? யாருடைய உதவியும் இல்லாமல் கழிப்பறைக்குப் போய் வருவதற்கும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு போவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை, அதை இழந்தவர்களிடம் கேட்டால் தெரியும். வலி போய்விடும் என்று பொய்யாக ஆசை காட்டினால் மூன்றாவது வாரம் வலி இருக்கும், பாட்டி நிறுத்திவிடுவார், நம் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும். "வலி கொஞ்சம் குறையலாம், கால் நிச்சயமா தேறும் பாட்டி" என்பதுதான் நேர்மையான வாக்கு.

மற்ற வழிகளைப் பற்றியும் இரண்டு வரி. மருந்துக்கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் குளுக்கோசமின், கோண்ட்ராய்ட்டின் மாத்திரைகளை 2006-இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது, வெறும் போலி மாத்திரையைவிட அவை குறிப்பிடத்தக்க அளவில் மேலாக இல்லை. போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 விழுக்காட்டினருக்கு வலி கணிசமாகக் குறைந்திருந்தது! "எங்க அம்மாவுக்கு வேலை செஞ்சுது" என்று அத்தை சொல்வது பொய்யல்ல. ஆனால் ஆதாரமும் அல்ல. 2002-இல் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் நடந்த சோதனை இன்னும் துணிச்சலானது. மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சையைச் சிலருக்கு உண்மையாகச் செய்தார்கள்; சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. (முழு மூட்டு மாற்று சிகிச்சை வேறு. முற்றிய நிலையில் அது பலருக்கு நடையை மீட்டுத் தந்திருக்கிறது. அதற்குப் பிறகும் பயிற்சி உண்டு, தப்பிக்க முடியாது.)

ஆனால் ஆய்வுகளைவிடப் பெரிய தடை நம் பண்பாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். "அம்மாவை உட்கார வைத்துச் சோறு போடுகிறான்" என்பது நம்மிடையே ஒரு மகனுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த பாராட்டு. இளமையில் நின்றுகொண்டே உழைத்த தலைமுறைக்கு உட்காருவதே பரிசாகத் தோன்றியது நியாயம்தான். நம் தாத்தா பாட்டிகளில் பலர் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத பழைய வீவக கட்டடங்களில், அரிசி மூட்டையோடு இரண்டு மூன்று மாடி ஏறி இறங்கியவர்கள். இன்று மின்தூக்கி வாசலுக்கே வருகிறது. அது வேண்டும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அதுதான் விடுதலை. ஆனால் அன்றாட வாழ்க்கை முன்பு தானாகக் கொடுத்துவந்த பயிற்சியை இப்போது யாரும் கொடுப்பதில்லை. மாடிப்படி போயிற்று. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது போயிற்று. பணிப்பெண் வந்ததும் சமையலறையும் போயிற்று. மிச்சம் இருப்பது சோபா. அதுவும் எப்படிப்பட்ட சோபா? உட்கார்ந்தால் உள்ளே புதைந்து, எழ இரண்டு பேர் தேவைப்படும் சோபா.

2030-இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார் என்கிறது அரசாங்கத்தின் கணிப்பு. அன்று நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பீர்கள், அல்லது படித்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் உள்ள முதியவரால் தானே எழுந்து நடக்க முடியுமா என்பது உங்கள் நேரத்தையும், உங்கள் அம்மாவின் வேலையையும், வீட்டுச் செலவையும் தொடப்போகிறது. எனவே இது பாட்டியின் சொந்த விஷயம் மட்டுமல்ல.

நாப்ஃபாவுக்கு வருகிறேன். பாட்டிக்கும் ஒரு சோதனை இருக்கிறது. உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துவது; நாற்காலியும் நிறுத்தற்கடிகாரமும் போதும். சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம். பாட்டி நடுவில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ண வேண்டும். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் தந்துள்ள வரையறைப்படி, 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் கீழும் ஆணுக்கு 12-க்குக் கீழும் வந்தால் சராசரிக்குக் குறைவு. விழும் அபாயம் கூடுதல். 80 முதல் 84 வயதானால் பெண்ணுக்கு 9, ஆணுக்கு 10. ஆசிய நாடுகளின் தசை இழப்பு ஆய்வுக் குழு 2019-இல் வேறொரு அளவைச் சொன்னது: ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும்; நடை வேகம் விநாடிக்கு 1 மீட்டருக்குக் கீழ் போனாலும் அப்படியே.

நடை வேகத்தை வீட்டுக்கு வெளியேதான் உணர முடியும். 12 மீட்டர் அகலமுள்ள சாலையை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 12 விநாடியில் கடக்கலாம். 0.6 மீட்டர் வேகமானால் 20 விநாடி. இந்த எட்டு விநாடி வித்தியாசத்துக்காகத்தான் 2009 முதல் நம் சாலைக் கடவைகளில், முதியோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதல் நேரம் ஒளிரும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு. அந்த அட்டையைத் தட்டுகிற பாட்டியின் காலும் கொஞ்சம் வேகமாகட்டும் என்பதே என் ஆசை.

சோதனையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர், நெஞ்சுவலி அல்லது தலைச்சுற்றல் உள்ளவர், சமீபத்தில் விழுந்தவர் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். எண் குறைவாக வந்தால் "ஃபெயில் பாட்டி" என்று கேலி செய்யாதீர்கள். எழுதி வையுங்கள். பலதுறை மருந்தகத்துக்கு அடுத்து போகும்போது அந்தத் தாளை அம்மாவிடம் கொடுத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். "முட்டி வலி" என்ற இரண்டு சொல்லைவிட அது மருத்துவருக்கு அதிகம் சொல்லும். இயன்முறை சிகிச்சையாளர் பாட்டிக்கு ஏற்ற பயிற்சியைத் தேர்ந்து தருவார். அதை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் சொல்வதுதான் உங்கள் வேலை. தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் ஐந்து முறை எழுந்து உட்காரலாம். நம் தொடர்களில் விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை.

வலியைப் பற்றிப் பாட்டி கண்டிப்பாகக் கேட்பார். பயிற்சியின்போது கொஞ்சம் வலிப்பது மூட்டைக் கெடுக்கிறது என்று பொருளல்ல. தாங்கக்கூடிய அளவில் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். கூடிக்கொண்டே போனால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மூட்டு திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சலும் சேர்ந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ, விழுந்த பிறகு வலி தொடங்கினாலோ அது வேறு கதை. அன்று நாற்காலியும் கடிகாரமும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இனி பாட்டி தண்ணீர் கேட்டால்? எழுந்து போய் எடுத்து வராதீர்கள் என்று நான் சொன்னதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நியாயமாகவே திட்டு விழும். "வாங்க பாட்டி, சேர்ந்து போய் எடுப்போம்" என்று எழுந்து நில்லுங்கள். அவர் எழும்வரை காத்திருங்கள். கையை நீட்டுங்கள், ஆனால் இழுக்காதீர்கள். ஆறேழு விநாடி ஆகலாம். சமையலறை வரை போய்த் திரும்புவதற்குள் அவர் உங்களிடம் இரண்டு கதையாவது சொல்லிவிடுவார்.